வாச்சாத்திக்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும்?

வாசகர் ஒருவர் கேட்டது, 30.9.2023

நேற்று வந்த வாச்சாத்தி தீர்ப்பைப் படித்தேன். 1992-இல் வனத்துறை, போலீஸ் ஆட்களால் பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் அரசு ஆளுக்குப் பத்து லட்சம் தர வேண்டுமாம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டுமாம். மீதிப் பாதி யார் காசு? என் காசு. அந்தக் கொடுமை நடந்தபோது நான் பிறக்கவே இல்லை. செய்தவன் ஜெயிலுக்குப் போகட்டும், சொத்தை விற்றுக் கட்டட்டும். நான் ஏன்?

30.9.2023, இரவு

தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம். 18 பேருக்குப் பத்து லட்சம் என்றால் ஒரு கோடியே எண்பது லட்சம். பாதி, தொண்ணூறு லட்சம். மாநிலத்தில் ஏழரைக் கோடிப் பேர் என்று வைத்தால் தலைக்குப் பன்னிரண்டு பைசா. உங்கள் பங்கையும் நானே கட்டிவிடுகிறேன். பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. பன்னிரண்டு பைசாவுக்காக யாரும் இவ்வளவு கோபப்பட மாட்டார்கள். "நான் குற்றவாளி இல்லை" என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் போல. எழுதித் தருகிறேன், நீங்கள் குற்றவாளி இல்லை. ஆனால் காசு கட்ட வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் எப்படிச் சரியாகும் என்று நாளைக்குச் சொல்கிறேன், தூக்கம் வருகிறது.

1.10.2023

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் இரண்டு மூன்று பேர் வாச்சாத்தி என்றால் என்ன என்று கேட்டுவிட்டார்கள், அதனால் முதலில் அது.

தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர். பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடி மக்கள், கேரளக்காரர்கள் இல்லை. 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து நூற்றுக்கணக்கில் போனார்கள். ஊரைக் கூட்டி அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு மாடு கோழி தானியம் எதையும் விடவில்லை, கிணற்றைக்கூடப் பாழாக்கினார்கள். 18 பெண்களை இழுத்துப்போய் வன்புணர்ந்தார்கள். குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தப்பியவர்கள் காட்டுக்குள் ஒளிந்து கிடந்தார்கள், ஊர் மாதக்கணக்கில் ஆளில்லாமல் இருந்தது.

அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அரசு. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். 1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அதில் 17 பேர் வன்புணர்ச்சிக்காக. மேல்முறையீடு இன்னொரு பன்னிரண்டு வருஷம் கிடந்தது. நீதிபதி வேல்முருகன் இந்த மார்ச் மாதம் நேரில் போய் ஊரைப் பார்த்துவிட்டு வந்து, முந்தாநாள் எல்லா மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்தார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மேலும் நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

2.10.2023

"அது வீரப்பன் காலம், அந்த ஊரில் சந்தனம் வெட்டவில்லையா?" என்று ஒரு பதில். கூலிக்கு வெட்டினவர்கள் இருந்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். மரம் வெட்டினதற்குச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது, அந்தத் தண்டனையில் வன்புணர்ச்சி இல்லை. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய ஆட்களையும் காப்பாற்ற நடத்திய நாடகம் இது என்கிற பொருளில் தீர்ப்பிலேயே இருக்கிறது. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதப் போவதில்லை.

5.10.2023

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் என் பிழைப்பைச் சொல்லாமல் முடியாது.

நான் கருவூலத்தில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். 1992-இல் வேறு மாவட்டத்தில் ஒரு சார்நிலைக் கருவூலத்தில் பில் பார்க்கும் சீட்டில் இருந்தேன். தாலுகாவில் எந்த ஆபீஸாக இருந்தாலும் பில் எங்களிடம் வந்துதான் ஆக வேண்டும். டோக்கன் போட்டு வாங்கி, கணக்குத் தலைப்பு, அதாவது எந்தக் கணக்கில் சேர வேண்டிய தொகை என்பது, சரியா, ஒப்புதல் ஆணை இருக்கிறதா, கையெழுத்து மாதிரியோடு ஒத்துப்போகிறதா, கூட்டல் சரியா என்று பார்த்து மேலே அனுப்புவோம். போலீஸ்காரர்களின் பயணப்படி பில் கட்டுக் கட்டாக வரும். இன்ன தேதி, இந்த ஊரிலிருந்து அந்த ஊர், இத்தனை கிலோமீட்டர், இத்தனை நாள் முகாம், நோக்கம் "பந்தோபஸ்து" அல்லது "தேடுதல் பணி". அவ்வளவுதான். ஒரு நாள் முகாமுக்கு அரைநாள் படி கூடுதலாகப் போட்டிருந்தால் சிவப்பு மையில் சுழித்து ஆட்சேபம் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன், அதில் எனக்கு நல்ல பெயர். அந்த அரைநாளில் அங்கே என்ன நடந்தது என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

வாச்சாத்திச் செய்தி பேப்பரில் வந்த நாட்களில் ஆபீஸில் அதைப் பற்றிப் பேசினோம். டீ குடித்துக்கொண்டு, "அநியாயம்ப்பா" என்று. எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. வாச்சாத்திக்குப் போனவர்களுக்கும் அன்றைக்குப் பயணப்படி உண்டு. லாரிக்கும் ஜீப்புக்கும் டீசல் பில் உண்டு. பில் போட்டிருப்பார்கள், என்னைப் போல ஒருவன் கூட்டிப் பார்த்திருப்பான். இதைச் சொன்னபோது எங்கள் சூப்பிரண்டென்ட், நல்ல மனுஷர், "அதுக்கு நாம என்னப்பா பண்றது, விதிப்படி இருந்தா பாஸ் பண்ணித்தான் ஆகணும்" என்றார். சரிதான் என்றுதான் அன்றைக்கு எனக்கும் பட்டது.

இப்போதும் அவர் சொன்னது பாதி சரி என்றுதான் நினைக்கிறேன். மீதிப் பாதியில்தான் தம்பியின் கேள்வி இருக்கிறது.

6.10.2023

"நீங்கள் அப்போதே வேலையை விட்டிருக்க வேண்டும்" என்று ஒருவர். ஐயா, நான் விட்டிருந்தால் அடுத்த நாள் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வேறொருவர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே பில்லைக் கூட்டியிருப்பார். என் பிள்ளைகள் பட்டினி. போலீஸ்காரனின் பயணப்படி ஒரு பைசா குறைந்திருக்காது.

ஆனால் அரசாங்க மேஜையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி என்பவர் ஊருக்கே போய் விசாரித்து, இப்படி நடந்தது உண்மை என்று 1992-லேயே அறிக்கை கொடுத்தார். அவரும் சம்பளம் வாங்கினவர்தான், அவருக்கும் மேலதிகாரி உண்டு. அரசு இல்லவே இல்லை என்று சாதித்த ஒன்றை இன்னொரு அரசு ஊழியர் ஆமாம், நடந்தது என்று எழுத்தில் வைத்தார். அவர் சீட்டில் கேள்வி கேட்கும் கட்டம் இருந்தது, நிரப்பினார். அது என் படிவத்தில் இல்லை என்று நான் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஆபீஸுக்கு வெளியே நான் குடிமகன், அங்கே எந்தப் படிவமும் கிடையாது. ஒரு தபால் அட்டை போட்டிருக்கலாம், சங்கக் கூட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அகவிலைப்படிக்காக ஊர்வலம் போன ஆட்கள்தானே நாங்கள்.

9.10.2023

தபால் அட்டையா என்று சிரித்தவருக்காக இது.

வியட்நாமில் மை லாய் என்ற ஊர். 1968 மார்ச் 16-ஆம் தேதி அமெரிக்கச் சிப்பாய்கள் உள்ளே புகுந்து பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் என்று சுட்டுத் தள்ளினார்கள். அமெரிக்க ராணுவக் கணக்கில் 347 பேர், வியட்நாம் கணக்கில் 504. ஒரு வருஷம் மூடி வைத்தார்கள். ரான் ரைடனவர் என்ற சிப்பாய் அன்றைக்கு அங்கே இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கினவர், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பிய பிறகு 1969 மார்ச்சில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதி, குடியரசுத் தலைவர், ராணுவத் தலைமை, நாடாளுமன்ற உறுப்பினர்கள் என்று சுமார் முப்பது இடங்களுக்கு அனுப்பினார். பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளவில்லை, ஓரிருவர் கண்டுகொண்டார்கள். விசாரணை அங்கேதான் தொடங்கியது. தபால்தான்.

சரி, முடிவு என்ன ஆனது? தண்டனை பெற்றது லெப்டினன்ட் காலி ஒருவர் மட்டும். ஆயுள் தண்டனை, ஆனால் பெரும்பகுதி வீட்டுக் காவலில் சில வருஷம் இருந்துவிட்டு 1974-இல் வெளியே வந்துவிட்டார். தீர்ப்பு வந்தபோது அமெரிக்க மக்களில் பெரும்பாலோர் அது தப்பு என்றார்கள், வெள்ளை மாளிகைக்குத் தந்தி குவிந்தது. காலியை மட்டும் பலிகடா ஆக்குகிறார்கள் என்று சிலர், நம் பையனைத் தண்டிக்கலாமா என்று சிலர். பலிகடா என்றவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் "அப்படியானால் மேலே உள்ளவர்களையும் பிடி" என்று அவர்கள் கேட்டிருந்தால் ஒத்துக்கொள்வேன். பலர் கேட்டது "அவனையும் விடு" என்பதைத்தான்.

அந்தப் பக்கம் தண்டனை ஒருவருக்கு, இங்கே 215 பேருக்கு. நம் ஊர் நீதித்துறையை நான் மெச்சிப் பேசுவது அபூர்வம், இந்த ஒரு விஷயத்தில் மெச்சத்தான் வேண்டும். ஆனால் முழுப் பெருமையும் கோர்ட்டுக்குப் போகாது. வருஷக்கணக்கில் சாட்சிக் கூண்டேறி, தனக்கு நடந்ததை முன்பின் தெரியாத ஆண்களுக்கு முன்னால் திரும்பத் திரும்பச் சொன்ன அந்தப் பெண்களுக்குத்தான் போகும்.

10.10.2023

"வெள்ளைக்காரன் கதை எதற்கு, நம் கதை போதாதா?" போதும். எதிர் வீட்டுக்காரனை அவன் பெண்டாட்டி திட்டும்போது மட்டும்தான் சிலருக்கு நியாயம் புரிகிறது, அதனால் சொன்னேன்.

12.10.2023

மேலே ஒரு நண்பர் எழுதியிருந்தார்: "நான் அந்தக் கட்சிக்கு ஓட்டே போடவில்லை, என்னை எப்படிச் சேர்ப்பீர்கள்?" 1992-இல் ஒரு கட்சி ஆட்சி. 1996-இல் மாறியது, 2001-இல் மாறியது, 2006-இல் மாறியது, 2011-இல் மறுபடி மாறியது. வழக்கு அத்தனை ஆட்சியிலும் இழுத்தது. ஆக யாருக்கு ஓட்டுப் போட்டிருந்தாலும் உங்கள் ஆள் ஒரு ஐந்து வருஷமாவது அந்தக் கோப்பை மேஜையில் வைத்திருந்தார். ஓட்டை வைத்துப் பொறுப்பைப் பிரிப்பது சரிப்படாது.

பிறகு எதை வைத்துப் பிரிப்பது? எனக்குத் தெரிந்த ஒரே வழி கடன் கணக்கு. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் ஜெயிலுக்குப் போக மாட்டான். ஆனால் அப்பன் விட்ட வீட்டில் குடியிருந்தால் கடன்காரன் வாசலுக்கு வருவான், வந்த சொத்தின் அளவுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்கிறது சட்டம். அரசாங்கமும் சாவதில்லை, ஆள் மாறும், ஆட்சி மாறும், கடன் அப்படியே நிற்கும். தம்பி, நீங்கள் 1992-இல் பிறக்கவில்லை. ஆனால் 1992-க்கு முன்னால் போட்ட ரோட்டில் போகிறீர்கள், கட்டிய பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள், அணையிலிருந்து வரும் தண்ணீரைக் குடிக்கிறீர்கள். அதை வாங்கும்போது "நான் அப்போது பிறக்கவில்லை" என்று யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை.

ஜெர்மனியில் இதே கேள்வி வந்தது. ஹிட்லர் காலத்தில் யூதர்களுக்கு நடந்த கொடுமைக்காக, 1952-இல் இஸ்ரேலுக்கு முந்நூறு கோடி மார்க் தருவதாக ஒப்பந்தம் போட்டார் மேற்கு ஜெர்மனியின் ஆட்சித் தலைவர் அடனாவர். நாடே இடிபாட்டிலிருந்து எழுந்துகொண்டிருந்த நேரம், மக்களில் பெரும்பாலோருக்கு இஷ்டமில்லை. அடுத்த வருஷம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அவர் கூட்டணியிலேயே பலர் கைவிட்டார்கள், எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள் போட்ட ஓட்டில்தான் நிறைவேறியது. அந்தக் கட்சியில் பலர் ஹிட்லர் காலத்தில் வதைமுகாமில் கிடந்தவர்கள். கொஞ்சமும் குற்றமில்லாதவர்கள் கட்டுகிறோம் என்றார்கள், ஆளுங்கூட்டணியிலேயே பலர் கை தூக்கவில்லை. இதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

13.10.2023

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தூங்கப் போனபோது ஒன்று இடித்தது. அந்தப் பன்னிரண்டு பைசா. தலைக்குப் பன்னிரண்டு பைசா என்றால் வாச்சாத்திக்காரர்களும் அந்த ஏழரைக் கோடியில் இருக்கிறார்கள். தீப்பெட்டி வாங்குகிறார்கள், சோப்பு வாங்குகிறார்கள், பஸ் ஏறுகிறார்கள், எல்லாவற்றிலும் வரி இருக்கிறது. அடிபட்டவளுக்குக் கொடுக்கும் இழப்பீட்டில் அடிபட்டவளின் காசும் இருக்கிறது. இன்னும் கேவலம், அன்றைக்கு அவளைத் தேடி வந்த ஜீப்புக்கு டீசல் போட்டதிலும் அவள் காசு இருந்தது.

அதனால்தான் "சொத்தின் அளவுக்கு" என்பதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அரசாங்கத்திடமிருந்து அதிகம் வாங்கினவன் அதிகம் கொடுக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம், இப்போது பென்ஷன் என்று வாங்கிக்கொண்டிருக்கும் என் பங்கு பன்னிரண்டு பைசா இல்லை. மலையடிவாரத்தில் ஆஸ்பத்திரிக்கு மைல்கணக்கில் நடந்தவளின் பங்கு பூஜ்யத்துக்குப் பக்கம். இதை எந்த நிதித்துறையும் கணக்குப் போடாது, நாமாகத்தான் மனசில் போட்டுக்கொள்ள வேண்டும். கூடக் கொடுக்க வேண்டியது பணமாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை.

21.10.2023

இழை வேறு பக்கம் போகிறது என்று கோபிக்காதீர்கள், நேற்று உச்ச நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பு இதோடு சேர்ந்ததுதான். சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தவர்களின் குடும்பத்துக்கு இழப்பீடு பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக ஆனது. அந்தப் பத்து லட்சம் 2014-இல் இதே நீதிமன்றம் வைத்தது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதனைக் குழியில் இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் நகராட்சியை மட்டும் பிடிக்கவில்லை, வீட்டுச் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கும் என்னையும் உங்களையும் பிடிக்கிறது. முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டுமேகூட.

எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் டேங்க் நிறைந்த ஒரு மழைக்காலத்தில் கூட்டம் போட்டோம். லாரிக்காரர் குழாய் விட்டு உறிஞ்சிவிட்டு, அடியில் இறுகிக் கிடப்பதை எடுக்க ஆள் இறங்கினால்தான் முடியும், அதற்குத் தனியாகக் காசு என்றார். யாரும் இறக்கு என்று சொல்லவில்லை. "அவங்க எப்படியோ பாத்துப்பாங்க" என்றார் ஒருவர், வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். தலைகள் ஆடின. அந்த "எப்படியோ" எனக்குப் பழக்கமானது, பயணப்படி பில்லில் "தேடுதல் பணி" என்று வருவதும் இதேதான். நான் எழுந்து, ஆள் இறங்குவதானால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தம். பிறகு தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி மறுபடி உறிஞ்சும் வண்டியை வரவழைத்தோம், கூடுதல் செலவை வீட்டுக்கு வீடு பிரித்தோம். இரண்டு வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, மாடியில் துணி காயப்போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வீரம் என்று சொல்லவில்லை. கருவூலத்தில் முடியாது என்று நினைத்தது இங்கே முடிந்தது, ஏனென்றால் இங்கே காசோலையில் என் கையெழுத்து வேண்டியிருந்தது, எனக்கு வேலை போகும் பயமும் இல்லை. பொறுப்பு எல்லோருக்கும் எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. கை எட்டும் இடத்தில் அதிகம், எட்டாத இடத்தில் குறைவு. கை எங்கே எட்டும் என்று பார்க்காமலே எட்டாது என்று சொல்லிக்கொள்வதைத்தான் நான் ஒத்துக்கொள்வதில்லை.

22.10.2023

இலங்கை நண்பர் ஒருவர் தனியாக எழுதியிருந்தார். 1948 குடியுரிமைச் சட்டத்தில் மலையகத் தமிழர், அதாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள், ஏழு லட்சம் பேர் அளவுக்கு நாடற்றவர் ஆனபோது, அதைப் பெரும்பான்மையினர் செய்த அநியாயம் என்று மட்டும் சொல்லிவிட்டு வடக்கில் இருந்தவர்கள் தங்கள் தலைவர்களில் சிலர் அரசாங்கத்தோடு சேர்ந்திருந்ததை மறந்துவிடுகிறார்கள் என்கிறார். செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து போய் 1949-இல் தமிழரசுக் கட்சி தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தப் பக்கமும் ஒன்று இருக்கிறது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டபோது தோட்டத்து மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டது நம் பிரதமர். நீலகிரிக்குப் போகிறவர்கள் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்களிடம் ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். அதற்கே தனி இழை வேண்டும், இங்கே நிறுத்துகிறேன்.

4.11.2023

தம்பி திரும்பி வந்திருக்கிறார். "கடன் கணக்கு ஒருவாறு புரிகிறது, பன்னிரண்டு பைசா தவிர இப்போது நான் செய்யக்கூடியது ஒன்றாவது உண்டா?" உண்டு, என் பழைய தொழில் சம்பந்தப்பட்டது.

உயர் நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, பாதியை வசூலிக்கச் சொன்னது, பாதிக்கப்பட்டவர்களுக்கோ குடும்பத்தில் ஒருவருக்கோ வேலை தரச் சொன்னது, அன்றைய உயர் அதிகாரிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. தீர்ப்பு வந்த வாரம் எல்லோரும் பேசுவோம், வசூல் ஆனதா என்று ஒருவரும் கேட்க மாட்டோம். எந்த உத்தரவும் அங்கேதான் செத்துப்போகும், அதை உள்ளே இருந்து பார்த்தவன் நான். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். இழப்பீடு எத்தனை பேருக்கு எந்தத் தேதியில் வழங்கப்பட்டது, குற்றவாளிகளிடம் வசூலான தொகை எவ்வளவு, எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைக்கப்பட்டது, வேலை எத்தனை பேருக்கு, அதிகாரிகள் மேல் எடுத்த நடவடிக்கையின் ஆணை நகல். ஒரு தாள் போதும், தமிழிலேயே எழுதலாம், பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, கேட்டாலும் சொல்லாதீர்கள். கணக்குத் தலைப்பைக் கட்டாயம் கேளுங்கள், அதைக் கேட்டால்தான் ஒருவர் எழுந்து போய்ப் பதிவேட்டைப் புரட்டியாக வேண்டும்.

4.11.2023, இரவு

எந்தத் துறைக்கு அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். தலைமைச் செயலகத்தில் உள்துறைப் பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்கள், வனத்துறைக்கு ஒரு நகலைத் தனி மனுவாக. அது எங்களுடையது இல்லை என்று தட்டிக் கழிக்க முடியாது, 6(3) பிரிவுப்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லை என்றால் 19(1)-இல் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.